பொறியின் அறமும் மனிதரின் அறமும்

மனிதன் வாங்கும் பொருளில் அறம் உறைகின்றதா என்பது இன்று நேற்றுப் பிறந்த கேள்வி அன்று. 1905ஆம் ஆண்டில் வங்காளத்திலே சுதேசி இயக்கம் எழுந்தபோது ஒரு முழத் துணி அரசியலாயிற்று. அதனை வாங்கியவனும் வாங்க மறுத்தவனும் தத்தம் நாட்டின் விதியில் பங்குகொண்டோராயினர். அன்று துணியைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி இன்று மோட்டார் காரைப் பற்றிக் கேட்கப்படுகின்றது. எதனை வாங்கினால் நாம் உலகுக்குக் குறைந்த தீங்கைச் செய்வோம் என்று நல்லெண்ணம் படைத்தோர் கேட்கின்றனர்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்த பாலையூற்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரும், அரசாங்க எழுதுவினைஞரும், துறைமுகத்தையும் கடலையும் நம்பி உழைப்போரும் வாழும் ஊர் அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்களும், இரு ஆசிரியச் சம்பளங்களைச் சேர்த்து லீசிங்கில் ஒரு வண்டி எடுக்க எண்ணுபவர்களும் இப்போது ஒரு தேர்வின் முன் நிற்கின்றனர். வழக்கமான ஹைபிரிட் காரா? அன்றி, வீட்டுச் சுவரில் செருகி மின்னேற்றும் பிளக்-இன் ஹைபிரிட் காரா? கார் வாங்க இயலாத பெரும்பான்மையினர் வாழும் நாட்டில் இதுவும் ஒரு பிரச்சினையா என்று சில வாசகர் முகஞ்சுளிக்கலாம். அவர்களது ஐயம் நியாயமானது. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் இக்கேள்வியை அதன் சொந்த நிலத்திலேயே நின்று ஆராய்வோம். சிறியதாகத் தோன்றும் இத்தேர்வினுள்ளே ஒழுக்கவியலின் பெரிய கேள்வியொன்று ஒளிந்திருக்கின்றது என்பது நமது கருத்து.

இரு வண்டிகளின் இயக்கத்தையும் அறிந்துகொள்ளாமல் அவற்றின் அறத்தைப் பேசுதல் வீண்பேச்சாகும். 1997 டிசெம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் வண்டியை விற்கத் தொடங்கியதோடு ஹைபிரிட் காரின் பொதுவரலாறு ஆரம்பமாயிற்று. பெற்றோல் இயந்திரம் ஒன்றும் மின்மோட்டார் ஒன்றும் அதில் இணைந்து உழைக்கின்றன. பிறேக் பிடிக்கும்போது சாதாரணக் காரில் வெப்பமாகி வீணாகும் சக்தியை இவ்வண்டி மின்னாக மாற்றிச் சிறிய பற்றரியில் சேமித்து, மீண்டும் புறப்படும்போது பயன்படுத்துகின்றது. ஆயினும் அதன் சக்தி முழுவதற்கும் மூலம் பெற்றோல் ஒன்றே. பற்றரி ஏறக்குறைய ஒரு யூனிட் மின்னையே கொள்ளும். பிளக்-இன் வண்டியோ 10 முதல் 20 யூனிட் வரை கொள்ளும் பெரிய பற்றரியைச் சுமக்கின்றது. சீனாவின் பி.வை.டி. நிறுவனம் 2008 டிசெம்பரில் இவ்வகை வண்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து சில மணி நேரம் மின்னேற்றினால், 40, 50 கிலோமீற்றர் அல்லது அதற்கும் மேலாகப் பெற்றோலே இல்லாமல் ஓடும். மின் தீர்ந்தபின் அதுவும் ஒரு ஹைபிரிட் காராகிவிடும். ஆனால் பெரிய பற்றரியின் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடும் ஹைபிரிட் காராக இருக்கும்.

இவ்விடத்தில் விற்பனையாளரின் வாதம் எளிதாகத் தோன்றுகின்றது. பாலையூற்றிலிருந்து பட்டினத்துப் பாடசாலைக்குப் போய்வரும் தூரம் சில கிலோமீற்றர்களே. அன்றாட ஓட்டம் முழுவதும் மின்னிலேயே முடிந்துவிடும். கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் செல்ல நேரும்போது மாத்திரம் பெற்றோல் துணைக்கு வரும். ஆகவே பிளக்-இன் வண்டியே சிறந்தது என்பது அவ்வாதம். கணக்கில் பிழை இல்லை. எனினும் கணக்கு முடியவில்லை. அந்த மின் எங்கிருந்து வருகின்றது, எந்த வேளையில் வருகின்றது என்ற இரு கேள்விகள் விடப்பட்டுள்ளன.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். நல்ல ஹைபிரிட் கார் 100 கிலோமீற்றருக்கு நாலரை அல்லது ஐந்து லீற்றர் குடிக்குமெனின், அதன் கரியமிலவாயு ஏறக்குறைய 11 கிலோ. பிளக்-இன் வண்டி அதே தூரத்தை மின்னில் ஓட ஏறக்குறைய 18 யூனிட் வேண்டும். நிலக்கரியில் பிறக்கும் ஒரு யூனிட் மின்னுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமிலவாயு கணக்கு. எனவே நுரைச்சோலையிலுள்ள 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்திலிருந்து அம்மின் முழுவதும் வருமாயின், பசுமை வண்டி என்று வாங்கிய வண்டி 18 கிலோவை வானில் கலக்கின்றது. மகாவலியின் நீரிலிருந்தோ, மன்னாரின் காற்றிலிருந்தோ, ஞாயிற்றின் ஒளியிலிருந்தோ வருமாயின் அக்கணக்கு ஏறத்தாழ பூச்சியத்துக்கு இறங்குகின்றது. இலங்கையின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ பாதி இத்தகைய மூலங்களிலிருந்து கிடைப்பதால், ஆண்டின் சராசரியை எடுத்தால் பிளக்-இன் வண்டி சற்றே முந்தும். ஆனால் எவரும் சராசரியில் மின்னேற்றுவதில்லை. ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த மணியில் மின்னேற்றுகின்றனர்.

அந்த மணியை நோக்குவோம். ஆசிரியர் காலையில் பாடசாலைக்குச் செல்கின்றார். பிற்பகலில் மேலதிக வகுப்பு, கூட்டம், சந்தை எல்லாம் முடித்து மாலையில் வீடு திரும்பிச் செருகியைச் செருகுகின்றார். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரமே நாட்டின் உச்சத் தேவை நேரம். ஞாயிறு மறைந்துவிட்ட அவ்வேளையில் தேவையை நிரப்ப எண்ணெயில் ஓடும் நிலையங்களும் இயக்கப்படுகின்றன. பின்னிரவு வரை பொறுத்திருந்து மின்னேற்றினாலும் நிலக்கரி நிலையமே அப்போது பெரும்பாரம் சுமக்கின்றது. நண்பகலிலோ நிலைமை நேர்மாறு. 2025 ஏப்பிரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியோரைப் பகல்வேளையில் அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிலகங்கள் மூடிக்கிடந்தமையால் அவ்வளவு மின்னையும் வாங்கிக்கொள்ள நாட்டில் தேவை இருக்கவில்லை. வெயில் காயும் நண்பகலில் நாடு தூய மின்னை வேண்டாமென்கின்றது. அதே நண்பகலில் ஆசிரியரின் பெரிய பற்றரி பாடசாலை முற்றத்து வேப்பமர நிழலில் வெறுமையாக நிற்கின்றது. அங்கே செருகி இல்லை. கூரையில் தகடும் இல்லை. வீட்டுக் கூரையில் தகடு இருப்பினும் பயன் சிறிதே. பகலில் அது பிறர்க்கு மின் கொடுக்கின்றது. இரவில் அவர் வாங்குவது வேறு மின். சிட்டையில் இரண்டும் சமன் ஆகலாம். வானத்தில் சமன் ஆவதில்லை.

இது நம் நாட்டின் வறுமையால் வந்த குறை என்று எண்ணிவிடலாகாது. செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவின் அனுபவம் இதனினும் பெரிய பாடம் புகட்டுகின்றது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையொன்று, வீதியில் ஓடும் வண்டிகளிலிருந்தே திரட்டிய தரவுகளை ஆய்வுகூடக் கணக்கோடு ஒப்பிட்டது. பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் ஆய்வுகூடத்தில் காட்டியதைப்போல் சராசரி 3.5 மடங்கு கரியமிலவாயுவை வீதியில் வெளிவிட்டன. காரணம் எளியது: உரிமையாளர் எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றவில்லை. 2020இல் வெளியான வேறோர் ஆய்வு இன்னும் கூர்மையாகப் பேசிற்று. தனியார் வைத்திருந்த பிளக்-இன் வண்டிகள் தம் ஓட்டத்தில் ஏறக்குறைய 37 வீதத்தை மின்னில் ஓடின. கம்பனிகள் தம் ஊழியருக்குக் கொடுத்த வண்டிகள் ஏறக்குறைய 20 வீதமே ஓடின. கம்பனி ஊழியர் மற்றையோரிலும் தீயவரா? அல்லர். பெற்றோலுக்குக் கம்பனி பணம் கொடுத்தது. வீட்டு மின்சாரச் சிட்டைக்கு ஊழியரே பணம் கொடுத்தார். யார் எதற்குப் பணம் கட்டுகின்றார் என்ற ஏற்பாடு, மனிதரின் நல்லெண்ணத்தைச் சப்தமின்றி வென்றுவிட்டது.

இங்கேதான் ஒழுக்கவியலின் கேள்வி எழுகின்றது. இரு கார்களும் நன்மையைப் பற்றிய இருவேறு கொள்கைகளின் உருவங்கள் எனலாம். வழக்கமான ஹைபிரிட் காரின் நன்மை பொறியிலேயே பதிந்துள்ளது. அதை ஓட்டுபவர் சோம்பேறியாயினும், மறதியுடையவராயினும், உலகைப் பற்றிக் கவலையே அற்றவராயினும், பிறேக்கை மிதிக்குந்தோறும் அது சக்தியைச் சேமிக்கும். அதன் நன்மை சிறிது, ஆனால் நிச்சயமானது. பிளக்-இன் காரின் நன்மையோ பெரிது, ஆனால் நிபந்தனைக்குட்பட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு மனிதர் ஒரு செயலைச் செய்தால்தான், அதுவும் உரிய வேளையில் உரிய இடத்தில் செய்தால்தான், அந்நன்மை பிறக்கும். நல்லெண்ணமே நிபந்தனையின்றி நல்லதென்ற கான்ட் என்னும் ஜெர்மன் ஞானிக்கு இரண்டாவது வண்டி உவப்பாயிருக்கும். நற்செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதாலேயே மனிதன் நல்லவனாகின்றான் என்ற அரிஸ்டாட்டிலும் அதன் பக்கமே சாய்வார். மனிதரை ஏதும் கேட்காத நன்மை என்ன நன்மை, அது இயந்திரத்தின் பெருமையேயன்றி நமது பெருமையன்றே என்று அவர்கள் வாதிடக்கூடும்.

இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பொறியிலே நன்மையைப் பதித்துவிட்டால் மனிதன் உறங்கிவிடுவான் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. ஸ்ரான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலாளர் 1865இல் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில், நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகியது என்று எடுத்துக்காட்டினார். மலிவாக ஓடும் வண்டி அதிகமாக ஓடும். முன்னர் நடந்து சென்ற கடைக்கும் கார் புறப்படும். சிக்கனம் என்ற பெயரால் சேமித்தது சௌகரியம் என்ற பெயரால் செலவழிந்துவிடும். ஆகவே ஹைபிரிட் கார் வாங்கினேன், என் கடன் தீர்ந்தது என்று அமர்வதற்கு இடமில்லை.

ஆயினும் பிளக்-இன் வண்டியின் பக்கத்தில் அதனினும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. செய்யக்கூடிய நன்மைக்காக ஒருவர் முன்கூட்டியே புகழ் பெற்றுக்கொள்கின்றார். அண்டை வீட்டார் அவரை விழிப்புடையவர் என்கின்றனர். அவரும் தம்மை அவ்வாறே எண்ணிக்கொள்கின்றார். ஐரோப்பிய அரசாங்கங்கள் பல அத்தகையோர்க்கு வரிச்சலுகையும் கொடுத்தன. சலுகை வாங்கும் நாளில் கிடைத்தது. செயல் நாள்தோறும் தவறியது. நமது சமுதாயத்துக்கு இந்நோய் புதிதன்று. சபையிலே சமத்துவம் பேசிவிட்டு வீட்டிலே சாதி பார்ப்பவரையும், சீதனத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதிவிட்டு மகனுக்குச் சீதனம் பேசுபவரையும் நாம் அறிவோம். இயலுமை செயலன்று. செயலாகாத இயலுமைக்குப் பாராட்டுப் பெறுதல், உழைக்காமல் கூலி பெறுதலை ஒக்கும்.

எனினும் இக்குற்றத்தைத் தனிமனிதரின் தலையில் முழுவதும் சுமத்தினால் நாமும் பாதி உண்மையையே கூறியவராவோம். பாடசாலை முற்றத்தில் செருகி இல்லாதபோது ஆசிரியரின் மனவுறுதி எதைச் சாதிக்கும்? நற்செயலுக்கு எண்ணமும் வேண்டும். அவ்வெண்ணம் நடமாடுவதற்கு நிலமும் வேண்டும். எண்ணத்தைத் தனிமனிதர் வளர்க்கலாம். நிலத்தைச் சமுதாயமே அமைக்க வேண்டும். கான்டும் அரிஸ்டாட்டிலும் விட்ட இடம் இதுவென்று சொல்லத் தோன்றுகின்றது. அடிமைகள் சமைத்துக்கொடுக்க, ஓய்வில் இருந்து நற்பழக்கம் பயின்ற ஏதென்ஸ் நகரத்துக் குடிமகனுக்கு நிலம் முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. ஆகையால் அவன் கண்ணுக்கு அது படவில்லை.

நிலம் என்றால் என்னவென்பதைத் திருகோணமலை மக்களுக்கு 2022ஆம் ஆண்டு ஐயமறக் காட்டிற்று. பாலையூற்றுக்கு அண்மையிலே சீனன்குடாவில் ஆங்கிலேயர் தம் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. இன்று 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் எண்ணெய் கொள்ளும். 2022 சனவரியில் அவற்றுள் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதே ஆண்டில் நாட்டின் டொலர் கையிருப்பு வற்றிப்போயிற்று. ஏப்பிரலில் அந்நியக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 யூன் 26இல் 470 ரூபாவாயிற்று. ஆசியாவின் பெரிய எண்ணெய்க் களஞ்சியங்களுள் ஒன்றின் வாசலில் வாழ்ந்த மக்கள் ஒரு போத்தல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றனர்.

அந்த ஆண்டு பிளக்-இன் வண்டி வைத்திருந்தவர் தப்பியிருப்பாரா? மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தது. எண்ணெய் வாங்க டொலர் இல்லாதபோது, மின்நிலையங்களை இயக்கவும் எண்ணெய் இல்லை. பெற்றோல் குழாயும் சுவரிலுள்ள செருகியும் ஒரே கயிற்றில் தொங்கின என்பது அப்போது தெரிந்தது. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து கொடுக்கப்பட்டது. மண்ணெண்ணெயின்றிப் படகுகள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எரிபொருள் நிறைந்து கிடக்கும்போது அது சந்தைப் பொருளாகத் தோன்றுகின்றது. வற்றும்போதுதான் அது பொதுச்சொத்து என்பது புலனாகின்றது. கார் குடிக்கும் லீற்றரும் கடற்றொழிலாளியின் இயந்திரப் படகு குடிக்கும் லீற்றரும் ஒரே டொலர்ப் பையிலிருந்து வருகின்றன. ஆகவே குறைவாகக் குடிக்கும் வண்டியைத் தேர்வது வீட்டுச் சிக்கனம் மாத்திரம் அன்று. பிறர் பங்கை உண்ணாதிருக்கும் முயற்சியுமாகும். நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை இந்நாடு பொறுப்பேற்றது; அதற்காக 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. எரிபொருளின் அரசியலை ஒரு சிறு நாடு தன் செலவிலேயே கற்றுக்கொண்ட பாடம் அது.

பற்றரியின் அரசியலையும் மறத்தலாகாது. உலகில் தோண்டப்படும் கோபால்ற்றின் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அங்குள்ள கைச்சுரங்கங்களில் சிறுவர் உழைப்பதை மனித உரிமை நிறுவனங்கள் உலகறிய எடுத்துரைத்துள்ளன. கோபால்ற்று இல்லாத பற்றரிகள் இப்போது சீன வண்டிகளிற் பரவலாக வருகின்றன என்பது உண்மை. ஆயினும் லிதியமும் செம்பும் எங்கோ ஒரு நிலத்தைக் கிழித்தே எடுக்கப்படுகின்றன. முழு மின்கார் ஒன்றுக்கு வேண்டிய கனிமங்களைக் கொண்டு 6 பிளக்-இன் வண்டிகளையோ 90 ஹைபிரிட் வண்டிகளையோ செய்யலாம் என்று டொயோட்டா நிறுவனம் வாதிடுகின்றது. ஹைபிரிட் வண்டி விற்பவரின் வாதம் என்பதை நினைவிற்கொண்டே அதனைக் கேட்க வேண்டும். ஆனால் அதனுள் ஓர் உண்மை உண்டு. பெரிய பற்றரியை வாங்கி அதனைப் பயன்படுத்தாதிருப்பவர் இருமுறை தவறுகின்றார். பெற்றோலையும் எரிக்கின்றார்; எங்கோ தோண்டிய உழைப்பையும் வீணாக்குகின்றார்.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த ஐயத்துக்கு வருவோம். கார் வாங்கவியலாதோர்க்கு இத்தேர்வு என்ன பொருளுடையது? 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆற்றைக் கடக்க விடப்பட்டிருந்த மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தனர். அப்பிள்ளைகளின் முன் ஹைபிரிட்டா பிளக்-இன்னா என்ற தேர்வு இருக்கவில்லை. பாதுகாப்பான ஒரு கடவையும் நேரத்துக்கு வரும் ஒரு பஸ்ஸும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது, லாபம் தராத கிராமத்து வீதியிலும் பஸ் ஓடவேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னே நின்றது. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ் ஒன்று, எவ்வளவு புகை கக்கினும், ஒருவரை ஏற்றிச் செல்லும் மிக நுட்பமான காரைவிட ஒவ்வொருவர் பங்கிற்கும் குறைவாகவே எரிக்கின்றது. காரைத் தேர்வு செய்வோரின் நன்மை எவ்வளவு உண்மையாயினும், பஸ் இல்லாத இடத்தில் அது சிலரின் நன்மையாகவே நின்றுவிடும்.

ஆயினும் இதனால் கார் வாங்குபவரை இகழ்தல் நமது நோக்கமன்று. இரவு வேளையில் நோயாளித் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவரிடம் பஸ்ஸைப் பற்றிப் பிரசங்கம் செய்வது அறமாகாது. அவர் கேட்கும் கேள்விக்கு நேரான விடை கூறுவதே அறம். நமது விடை இது. பகல் முழுவதும் வண்டி வீட்டிலோ கடை வாசலிலோ நிற்குமாயின், அங்கே கூரையில் சூரியத் தகடும் இருக்குமாயின், அதாவது ஓய்வூதியராகவோ சொந்தத் தொழில் செய்பவராகவோ இருந்தால், பிளக்-இன் வண்டி தன் வாக்கைக் காப்பாற்றும். நண்பகலில் மின்னேற்றும் பழக்கத்தை உறுதியாகக் கொள்ளும் அத்தகையோர் அதனைத் தேர்க. பகலில் பாடசாலையில் நிற்கும் வண்டிக்கு, வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு, இரவில் மாத்திரமே செருகியை அணுகக்கூடியவர்க்கு, சாதாரண ஹைபிரிட் காரே இன்று நேர்மையான தேர்வு. ஏற்கெனவே ஓடிய சிறிய ஹைபிரிட் காராயின் இன்னும் நன்று. குறைவாக வாக்களித்து அதனை முழுவதும் நிறைவேற்றும் பொறி அது. மனிதருள்ளும் அத்தகையோரையே நாம் நம்புகின்றோம்.

இத்தீர்ப்பில் "இன்று" என்ற சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். சம்பூரை நினைத்துப் பார்க்கலாம். மூதூர்க் கரையிலுள்ள அவ்வூர் மக்கள் 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். அவர்களது நிலத்தை அண்டி 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்களின் எதிர்ப்பு வளர்ந்தது. 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. இன்று சம்பூரின் பெயர் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் ஒரு சமுதாயம் தன் எதிர்ப்பால் மின்னின் மூலத்தையே மாற்றக்கூடுமெனின், இக்கரையில் நாம் மின்னின் நேரத்தையும் இடத்தையும் மாற்றக் கோருவது பேராசையாகாது.

ஆகவே ஆசிரியர் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சபைகளும் கேட்க வேண்டிய கேள்வி எந்தக் காரை வாங்குவது என்பதோடு நிற்கலாகாது. நண்பகலில் நாடு வேண்டாமென்னும் மின்னை ஏன் நமது பாடசாலைகள் வாங்கிக்கொள்ளக் கூடாது? பாடசாலைக் கூரையில் தகடும் முற்றத்தில் பொதுச் செருகிகளும் இருந்தால், ஆசிரியரின் கார் மாத்திரமன்று, மாணவரின் மின்சைக்கிளும், ஊரின் முச்சக்கர வண்டியும், நாளை வரக்கூடிய மின்பஸ்ஸும் அங்கே மின்னேற்றலாம். அப்போது வெயிலில் செருகுவதே எளிய செயலாகிவிடும். நன்மை செய்யப் பெரும் மனவுறுதி தேவைப்படாது. எளியவர்க்கும் மறதியுடையவர்க்கும் நல்லது செய்தல் இயல்பாகும்படி ஏற்பாடுகளை அமைப்பதே நல்ல சமுதாயத்தின் வேலை. பொறியின் நிச்சயமும் மனிதரின் முயற்சியும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

பாலையூற்று என்ற பெயரில் மரமும் நீரும் சேர்ந்துள்ளன. ஊற்று எவருடைய வீட்டுக் குடத்திலும் பிறப்பதில்லை. பொது நிலத்தில் பிறந்து, தோண்டியவர் அனைவரின் குடங்களையும் நிரப்புகின்றது. எந்தக் குடம் நல்ல குடம் என்று தேர்ந்துகொள்வது தவறன்று. ஊற்றைத் தோண்டும் வேலையை அதற்காக ஒத்திவைப்பதே தவறு. காரை வாங்குபவர் வாங்குக. குறைவாக எரிப்பதை, தம்மால் உண்மையாகக் காப்பாற்றக்கூடிய வாக்கை, வாங்குக. வாங்கிய பின் பாடசாலை முற்றத்துக்கு வந்து, அங்கே ஒரு செருகி வேண்டுமென்று மற்றவரோடு சேர்ந்து கேட்பாராக.